திகதி உள்ள பாதி

வாழைச்சேனை, சந்தைக்குப் பின் ஒழுங்கை,
எங்கள் பாமசி.
கண்ணாடி அலுமாரி, கரகரக்கும் ஒரு ஃபேன், நிறைய வெயில்.
முன்பு என் கத்திரிக்கோலுக்கு வேலை குறைவு;
பெட்டி கட்டி வரும் நூலை வெட்டும், அவ்வளவுதான்.
இப்போது அது பெருவிரலைக் காய்க்க வைத்துவிட்டது.

"மூண்டு நாளைக்குத் தாங்க."
"வெள்ளி மட்டும் காணும்."
"மகன்ட தோணி வரும்வரைக்கும்."
ஒருவரும் குளிசையை எண்ணிக் கேட்பதில்லை,
நாளை எண்ணிக் கேட்கிறார்கள்.
நாளை வெட்டிக் கொடுக்கிறேன்.

செய்யது லெவ்வை காக்கா
ஓட்டோவை இறக்கத்தில் நிறுத்திவிட்டு வருவார்,
தள்ளி ஸ்டார்ட் பண்ணினால் பெற்றோல் மிச்சமாம்.
பிறசர் குளிசை ஒன்றுவிட்டொரு நாள் போடுகிறார்.
"ஒத்த நாளில கோபம் வரும், ரெட்ட நாளில வராது,
பொஞ்சாதி கலண்டரப் பாத்துத்தான் கதைக்கிறா."
சிரித்தபோது
கண்ணின் வெள்ளையில் சிவப்பு நரம்பு ஒன்று கிளை விட்டிருந்தது.
நான் எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

திங்களில் கடை காயும்.
திங்கள், லோன்காரன் வரும் நாள்.
பதினொரு பெண்கள் ஒரு முற்றத்தில் குந்தியிருந்து
பன்னிரண்டாவது பெண்ணைக் காத்திருப்பார்கள்.
அவள் கட்டாவிட்டால் மற்றவர்கள் பகிர வேண்டும்.
பிள்ளைப்பேற்றுக்கு ஒருத்தி வீட்டில் ஒருத்தி விழித்திருந்தவர்கள்தான்,
அந்த ஒரு மணித்தியாலம்
ஆளையாள் முகம் பார்ப்பதில்லை.
செவ்வாய் பின்னேரம் பனடோல் முடிந்துவிடும்.
இதை எந்தக் கொப்பியிலும் யாரும் பதியவில்லை,
என் லாச்சிக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு குளிசை உண்டு, நித்திரைக்கு.
முதலாளி சம்பளத்தில் கழிப்பார்.
நாலாகப் பிளப்பேன்.
ஒரு காலில் ஒன்றரை மணித்தியாலம் கிடைக்கிறது.

பவளராணிக்கும் றாசிதாவுக்கும் சீனி வருத்தம்.
ஒருத்தி கறுவாக்கேணி, கருவாடு விற்கிறாள்.
மற்றவள் மீராவோடை, பள்ளிக்கூடம் கூட்டுகிறாள்.
இந்தக் கண்ணாடிக்கு முன்தான் அறிமுகம்.
முழுக் காட் எடுத்தால் ஐந்து ரூபாய் குறைவு என்றேன்;
இருவரும் ஒரே நேரத்தில்
மற்றவளின் பேர்சைப் பார்த்தார்கள்.
அன்றிலிருந்து ஒரு காட், இரண்டு பாதி.

ஒரு சிக்கல்:
முடியும் திகதி காட்டின் ஒரு நுனியில் மட்டுந்தான்.
"நீங்க வெச்சுக்கங்க, என்ட கண்ணாடி உடஞ்சு மாசமாகுது."
"எனக்கு மட்டும் தெரியுதாக்கும்!"
மறுகா, ஒரு முறை இவளுக்கு, ஒரு முறை அவளுக்கு
என்று தீர்ப்பாயிற்று.
வாசிக்க முடியாத ஒன்றை
இவ்வளவு நேர்மையாய்ப் பங்கிட்டு நான் பார்த்ததில்லை.

போன மாதம் றாசிதா தனியே வந்தாள்.
அடைமழை. தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன,
மீனில்லை, காய வெயிலில்லை, கருவாடுமில்லை.
முழுக் காட்டுக்கும் காசு வைத்தாள், பாதி சில்லறை.
"வெட்டுங்க. மத்தது அவக்கு.
காசு கேக்க வேணாம், கேட்டா வராம விட்டிருவா."
அவள் தலைக்கு மேல் முதலாளியின் பலகை:
கடன் இல்லை.
இது கடனா என்று எனக்கு விளங்கவில்லை.
பலகையும் ஒன்றும் சொல்லவில்லை.

பாதியைக் காசு லாச்சியில் போட்டேன்.
இழுக்கும்போதெல்லாம் நாணயங்களோடு கிலுங்கியது,
நாலு நாள்.
ஐந்தாம் நாள் பவளராணி.
"அவ வந்தவவா?" அவ்வளவுதான் கேட்டாள்.
எடுத்துக் கொடுத்தேன்.
திருப்பிப் பார்த்தாள், மறுபடி திருப்பினாள்.
"திகதி இல்லயே! இந்த முற என்ட முறையெல்லோ?"
நன்றியாகவோ வெட்கமாகவோ எதுவுமில்லை அந்த முகத்தில்.
கோபம்.
பங்குக்காரியின் முழுக் கோபம்.

அதே பெட்டியின் வேறொரு காட்டைப் பார்த்துப் பேனை எடுத்தேன்.
ஈயத்தாளில் மை பிடிக்காது;
அமத்தினால் குளிசை வெளியே வந்துவிடும்.
ஓரத்தில், மெல்ல, கீறினேன்
மாதத்தை, ஆண்டை.
அவள் கண்ணைச் சுருக்கிச் சரிபார்த்தாள்.

பின்னால் யாரோ இருமினார்கள்.
"எத்தின நாளைக்கு?" என்று கேட்டேன்.